ஹெட் வெடித்த கொரோலா 110: செய்து விற்பதா, இருக்கிறபடியே கொடுப்பதா?

ஹட்டன் டீச்சர்
வணக்கம். வாகன விஷயம் தெரிந்தவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள். என்னுடையது 1998 கொரோலா 110, டீசல், 2சி என்ஜின். கினிகத்தேனையில் இருந்து ஏறினால் வட்டவளை வருவதற்குள் ஹீட் முள் சிவப்பைத் தொட்டுவிடுகிறது. ரேடியேட்டரில் தண்ணீர் குறைகிறது, ஆனால் கீழே ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. காலையில் ஸ்டார்ட் பண்ணினால் வெள்ளைப் புகை.

கராஜில் ஹெட் (சிலிண்டர்களை மேலே மூடும் பகுதி) வெடித்திருக்கிறது என்கிறார்கள். முழு வேலைக்கும் 4,75,000 ரூபாய் கேட்கிறார்கள். ஒரு புரோக்கர் வந்து பார்த்துவிட்டு, "14 லட்சம் தருகிறேன், இன்றைக்கே ஓப்பன் பேப்பரில் கையெழுத்து போட்டுக் கொடுங்கள்" என்றார். ஓடுகிற 110-கள் விளம்பரங்களில் இதைவிட இருமடங்குக்குப் போகின்றன. லீசிங் எப்போதோ கட்டி முடித்துவிட்டேன், ஆனால் பதிவுப் புத்தகத்தில் அந்தக் கம்பனியின் பெயர் இன்னும் இருக்கிறது. என்ன செய்யலாம்?

தலவாக்கலை பாஸ்
டீச்சர், முதலில் வருத்தம் என்ன என்று சரியாகத் தெரிய வேண்டும். 2சி-யில் இரும்பு பிளாக்கின் மேல் அலுமினிய ஹெட். ஒரு தடவை நன்றாகச் சூடேறினாலே ஹெட் வளையும், வால்வுகளுக்கு நடுவில் வெடிப்பு விழும். அதனால் கராஜ்காரர் சொன்னது உண்மையாக இருக்கலாம். ஆனால் பழுதான ரேடியேட்டர் மூடியும் இதே மாதிரி ஆட்டம் காட்டும். மலைநாட்டில் அது இன்னும் அதிகம். நுவரெலியா 1,868 மீட்டர் உயரம், அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடும். மூடி அழுத்தம் பிடித்து வைப்பதால்தான் என்ஜினுக்குள் கொதிக்காமல் இருக்கிறது. மூடியின் ரப்பர் போனால் ஏற்றத்தில் தண்ணீர் கொதித்து வெளியே தள்ளிவிடும்.

நாளைக் காலை என்ஜின் நன்றாகக் குளிர்ந்திருக்கும்போது மூடியைக் கழற்றி, தண்ணீரை விளிம்பு வரை நிரப்பி ஸ்டார்ட் பண்ணிப் பாருங்கள். நிற்காமல் குமிழி வந்தால் எரிந்த காற்று தண்ணீருக்குள் போகிறது என்று அர்த்தம். மூடியைப் போட்டுவிட்டு மேல் ஹோஸைப் பிடித்துப் பாருங்கள். என்ஜின் சூடாகும் முன்னரே அது கல்லு மாதிரி இறுகினால் ஹெட்டோ, ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் கேஸ்கட்டோ போய்விட்டது. சூடாக இருக்கும்போது மட்டும் மூடியில் கை வைக்காதீர்கள், முகம் வெந்துபோகும்.

ஒயில் மூடியின் உள்பக்கத்தில் வெள்ளையாகக் கிரீம் ஒட்டியிருந்தால் பயப்பட வேண்டாம். நம் ஊர்க் குளிரில் பக்கத்து ஓட்டம் மட்டும் ஓடும் வண்டியில் ஈரம் படிந்து அப்படி வரும். டிப் ஸ்டிக்கில் ஒயிலே பால் நிறத்துக்கு மாறியிருந்தால்தான் விஷயம் பெரிது.

அப்புறம் கொம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்) பார்க்கச் சொல்லி நாலு சிலிண்டருக்கும் எண்களை எழுதி வாங்குங்கள். ஹெட் மட்டும்தான் என்றால் செய்துவிட்டு விற்பது லாபம், ஏனென்றால் ஓட்டிப் பார்க்க முடியாத வண்டிக்கு எவனும் பாதி விலைதான் சொல்லுவான். கீழ் வேலையும், அதாவது பிஸ்டன், சிலிண்டர் பக்கத்து வேலையும் இருந்தால் கை வைக்காதீர்கள். போட்ட காசு திரும்பாது.

பண்டாரவளை அக்கா
பாஸ் சொல்வது சரி. போன வருஷம் நான் பழுதோடேயே ஒரு வண்டி விற்றேன். விளம்பரத்தில் "சிறு வேலை உண்டு" என்று போடாதீர்கள், தங்கச்சி. அப்படிப் போட்டால் வருகிறவன் எல்லாம் இன்னும் என்ன மறைக்கிறாள் என்றுதான் பார்ப்பான். நான் காலையில் குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் பண்ணிப் புகையோடு வீடியோ எடுத்துப் போட்டேன், கொம்ப்ரெஷன் எழுதிய துண்டையும் போட்டேன். நேரம் போக்க வருகிறவர்கள் நின்றார்கள், சொந்தக் கராஜ் வைத்திருப்பவர்கள் கூப்பிட்டார்கள். அவர்களுக்கு வேலைக் கூலி இல்லை, அதனால் புரோக்கரைவிடக் கூடக் கொடுக்க முடியும். 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி திரும்பத் திறந்தாலும், வரி இருக்கிற இருப்பில் புது வண்டி எடுக்க முடியாதவர்கள்தான் அதிகம். உங்கள் 110-க்கு ஆள் வரும். முதலில் வந்த புரோக்கருக்குத் தலையாட்டாதீர்கள்.

கண்டி லைசன் வேலை
விலையைவிட முக்கியமானது ஒன்று இருக்கிறது டீச்சர். ஓப்பன் பேப்பரில் கொடுக்கவே கொடுக்காதீர்கள். வாங்குபவர் பெயர் எழுதாத படிவத்தில் நீங்கள் கையெழுத்துப் போட்டால், அந்த வண்டி எத்தனை கை மாறினாலும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் உரிமையாளர் நீங்கள்தான். விபத்து நடந்தால், கள்ளச் சாராயம் ஏற்றிப் பிடிபட்டால், பொலிஸ் உங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டும். எங்களிடம் இப்படி அழுதுகொண்டு வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்துச் சொல்கிறேன்.

வாங்குபவரின் அடையாள அட்டைப் பிரதியை வாங்குங்கள். வண்டி கொடுத்த திகதி, நேரம், கிலோமீட்டர், "இந்தப் பழுதுகள் தெரிந்தே வாங்குகிறேன்" என்ற வரி, எல்லாம் எழுதி இரண்டு பேரும் கையெழுத்திடுங்கள். கை மாறிய 14 நாளுக்குள் திணைக்களத்துக்கு நீங்களும் அறிவிக்க வேண்டும். வாங்கினவர் பார்த்துக்கொள்வார் என்று விடக்கூடாது.

லீசிங் கம்பனியிடம் விடுவிப்புக் கடிதம் எடுத்து, புத்தகத்தில் முழு உரிமையாளர் இடத்தில் இருக்கும் பெயரை நீக்குங்கள். அது இருக்கும்வரை உங்கள் பெயரில் இருந்து மாற்ற முடியாது. இந்த வேலையை இன்றைக்கே தொடங்குங்கள், விளம்பரம் அப்புறம் போடலாம்.

ஹட்டன் டீச்சர்
எல்லோருக்கும் நன்றி. மூடி மாற்றியும் குமிழி நிற்கவில்லை. மேல் ஹோஸ் குளிரிலேயே இறுகுகிறது. கொம்ப்ரெஷன் மூன்றாவது சிலிண்டரில் ரொம்பக் குறைவு, இரண்டாவதிலும் குறைவு. அந்த இரண்டுக்கும் கொஞ்சம் ஒயில் ஊற்றிப் பார்த்தபோது எண் ஏறியது. அதற்கு என்ன அர்த்தம் பாஸ்?

தலவாக்கலை பாஸ்
ஒயில் ஊற்றினதும் ஏறினால் பிஸ்டன் ரிங்கும் சிலிண்டரின் உள்சுவரும் தேய்ந்திருக்கிறது. கீழ் வேலையும் சேர்ந்துவிட்டது. இனி 4,75,000-இல் முடியாது, பிரித்த பிறகு கூடும். இருக்கிறபடியே விற்றுவிடுங்கள். வண்டியின் பொடி (வெளிக்கூடு) நல்லதா? அடியில் துரு இல்லையா? அதைப் படம் எடுத்து முதலில் போடுங்கள், இந்த மழைநாட்டில் துரு இல்லாத வண்டிக்கே தனி விலை.

ஹட்டன் டீச்சர்
கம்பளையில் கராஜ் வைத்திருக்கும் ஒருவர் வண்டியைத் தூக்கி அடியையும் பார்த்துவிட்டு 18 லட்சம் பேசியிருக்கிறார். லீசிங் கடிதம் கிடைத்துவிட்டது, புத்தகத்தில் பெயர் நீங்கியதும் பணம் வாங்கி அவர் பெயருக்கே மாற்றுகிறேன். ஓப்பன் பேப்பர் இல்லை என்று சொன்னபோது அவர் ஒன்றும் சொல்லவில்லை.

கண்டி லைசன் வேலை
நல்லது. காசோலையாகக் கொடுத்தால் பணம் கணக்கில் விழுந்த பிறகுதான் சாவி. காப்புறுதியை அன்றைக்கே நிறுத்தாதீர்கள், திணைக்கள வேலை முடிந்த பிறகு கம்பனிக்கு எழுதிக் கொடுங்கள்.