பேத்தியின் ஜூனியர் ஐசா கணக்கிற்கு அனுப்பிய பணம் திரும்பி வந்துவிட்டது: வழி என்ன?

கேள்வி: ஓய்வுபெற்ற தோட்டக் கிளாக்கர், ஹட்டன்

அனைவருக்கும் வணக்கம். டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் 31 வருடம் கிளாக்கராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். மகளும் மருமகனும் இங்கிலாந்தில் இருக்கிறார்கள். அங்கே பிறந்த பேத்திக்கு இப்போது 7 வயது. அவள் பெயரில் ஜூனியர் ஐசா என்னும் வரியில்லாச் சேமிப்புக் கணக்கொன்றை மகள் திறந்திருக்கிறாள். தாத்தா, அம்மாயி என்ற முறையில் எங்கள் பங்காக அதில் 500 பவுண் போடவேண்டும் என்பது எங்கள் இருவரின் ஆசை.

சேமலாப நிதியும் பணிக்கொடையும் கிடைத்தபோது அவற்றை இங்கே நிலையான வைப்பில் போட்டேன். 2022இல் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் சில வாரங்களிலேயே 360 ரூபா வரை போனதைக் கண்ட பிறகு, பிள்ளைக்கான பணமாவது பவுணில் இருக்கட்டும் என்று நினைத்தேன். வட்டியில் 5 வீதமாக இருந்த வரிக்கழிவு 2025 ஏப்ரலில் 10 வீதமானதும் அந்த எண்ணம் உறுதியாயிற்று.

இங்குள்ள வங்கியில் கேட்டபோது, அனுப்பும் நோக்கத்தை எழுதச் சொன்னார்கள். எழுதியதைப் பார்த்துவிட்டு முடியாது என்றார்கள். துபாயில் இருக்கும் தம்பி மகன் தன் கணக்கிலிருந்து பணத்தை அனுப்புவதாகவும், அதற்கான ரூபாவைக் கொட்டகலையில் உள்ள அவன் வீட்டில் கொடுத்துவிடலாம் என்றும் சொன்னதால் அப்படியே செய்தோம். பன்னிரண்டு நாள் கழித்து, கட்டணம் கழிக்கப்பட்டு, அந்தப் பணம் அவனிடமே திரும்பிவிட்டது. தவறு எங்கே நடந்தது? நானே பேத்தி பெயரில் ஒரு கணக்கைத் திறந்தால் சரிவருமா?

பதில் 1: நானுஓயா

ஐயா, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். உங்களால் திறக்க முடியாது. பெற்றோர் அல்லது சட்டப்படி பிள்ளையின் பொறுப்பை ஏற்றிருப்பவர் மட்டுமே அந்தக் கணக்கைத் திறக்கலாம். திறந்த பிறகு தாத்தா, பாட்டி, மாமா, அயலவர் என யாரும் அதில் பணம் போடலாம். ஆகவே உங்கள் ஆசையில் பிழையில்லை. பணம் போன பாதையில்தான் பிழை.

பணம் யாருடையது, எங்கிருந்து வருகிறது என்று உறுதிப்படுத்தும் கடமை ஜூனியர் ஐசா கணக்குகளை நடத்தும் நிறுவனங்களுக்கு இருப்பதால், பல நிறுவனங்கள் பிரித்தானிய வங்கிக் கணக்கிலிருந்து வரும் பணத்தை மட்டுமே ஏற்கின்றன. அதிலும் பிள்ளையின் கணக்கிற்குரிய குறிப்பு எண் இருக்கவேண்டும். துபாய்க் கணக்கிலிருந்து, முன்பின் தெரியாத ஒருவர் பெயரில் வந்த பணத்தை அவர்கள் திருப்பியதில் வியப்பில்லை.

வருட வரம்பையும் மகளிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஏப்ரல் 6 முதல் அடுத்த ஏப்ரல் 5 வரை, எல்லோரும் போடும் தொகையும் சேர்ந்து 9,000 பவுணைத் தாண்டக்கூடாது. சம்பந்தி வீட்டாரும் அதே கணக்கில் போடுகிறார்கள் என்றால் அதுவும் இதற்குள்தான் அடங்கும். மீறிய தொகையைப் போட்டவரிடம் திருப்பித் தரமாட்டார்கள். பிள்ளைக்காக வேறொரு சேமிப்புக் கணக்கில் பொறுப்பாக வைத்துவிடுவார்கள்.

பதில் 2: பண்டாரவளை, முன்பு வங்கியின் வெளிநாட்டு நாணயப் பிரிவில் இருந்தவர்

உங்கள் மனம் நோகலாம், ஆனாலும் சொல்லவேண்டும். இங்கே ரூபாவைக் கொடுத்து, அங்கே வேறொருவர் வெளிநாட்டு நாணயத்தைக் கட்டுவதற்குப் பெயர் உண்டியல். சொந்தத் தம்பி மகன் செய்தாலும் அது உண்டியல்தான். 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின்படி இந்த வேலை அதிகாரம் பெற்ற வணிகர்களுக்கே, அதாவது அதற்கு அனுமதி பெற்ற வங்கிகள் போன்றவற்றுக்கே, உரியது. பணம் திரும்பி வந்தது நல்லதாகப் போயிற்று. தம்பி மகன் வீட்டில் கொடுத்த ரூபாவைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒன்று கேட்கிறேன்: மகள் உங்களுக்கு மாதாமாதம் பணம் அனுப்புகிறாளா? அனுப்பினால் உங்கள் சிக்கலுக்கு விடை அதிலேயே இருக்கிறது. இங்கிலாந்திலிருந்து பவுண் வந்து, ரூபாவாகி, மறுபடியும் பவுணாகிக் கடல் தாண்டவேண்டிய தேவை என்ன? மாதம் 25 பவுணைக் குறைத்து அனுப்பும்படியும், அதைப் பேத்தியின் கணக்கில் போடும்படியும் மகளிடம் சொல்லுங்கள். அந்தக் குறையை உங்கள் வட்டியிலிருந்து நீங்கள் ஈடுசெய்யலாம். வருடத்திற்கு 300 பவுண் ஆகும். அவளுக்கு 18 வயதாகும்போது, வட்டி சேராமலே 3,300 பவுண் இருக்கும். வங்கிக் கட்டணம் ஒரு சதமும் இல்லை.

இங்கே உங்கள் வட்டியில் கழிக்கும் 10 வீதத்திற்கும் வழியுண்டு. உங்கள் வருட வருமானம் 18 இலட்சம் ரூபாவுக்கு மேற்படாவிட்டால், சுயபிரகடனப் படிவத்தை வங்கியிடம் கொடுத்து அந்தக் கழிவை நிறுத்தலாம். தோட்டத்தில் இருந்து ஓய்வுபெற்றவர்களில் பலர் இதை அறியாமல் மாதாமாதம் இழந்துகொண்டிருக்கிறார்கள்.

பதில் 3: இராகலை

என் மகன் டொரொன்டோவில் இருக்கிறான். அங்கே வரியில்லாச் சேமிப்புக் கணக்கை 18 வயதுக்கு முன் திறக்கவே முடியாது என்றான். கிளாக்கர் ஐயா சொல்வது எப்படிச் சரியாகும்?

பதில் 1 எழுதியவர்

பெயர் ஒன்றுபோல இருந்தாலும் சட்டம் வேறு. உங்கள் மகன் சொல்வது கனடாவின் டிஎஃப்எஸ்ஏ. அது பெரியவர்களுக்கானது, 2025க்கான வரம்பு 7,000 டொலர். அங்கே சிறுபிள்ளைகளுக்கு என்றால் ஆர்இஎஸ்பி என்னும் கல்விச் சேமிப்புத் திட்டம்தான். அதில் வருடம் 2,500 டொலர் போட்டால் அரசு 20 வீதமாக 500 டொலர் சேர்க்கிறது.

கேள்வி கேட்டவர்

பண்டாரவளை ஐயாவுக்கு நன்றி. உண்டியல் என்ற சொல்லைப் படித்ததும் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மகள் மாதம் 100 பவுண் அனுப்புகிறாள். ஆனால் அம்மாயி ஒரு கேள்வி கேட்கிறாள்: அப்படிச் செய்தால் அது மகள் போட்ட பணமாகத்தானே எழுதப்படும், நாம் கொடுத்தது என்று பிள்ளைக்கு எப்படித் தெரியும்? அவசரம் என்றால் அந்தப் பணத்தை எடுக்கலாமா என்றும் கேட்கிறாள்.

பதில் 2 எழுதியவர்

எடுக்க முடியாது. பிள்ளைக்கு 18 வயதாகும் வரை, தீராத கொடிய நோய் போன்ற நிலை தவிர, பெற்றோரும் தொட இயலாது. 16 வயதில் கணக்கை நடத்தும் பொறுப்பு அவளிடம் போகலாம். 18இல் முழுப் பணமும் அவளுடையது. படிப்புக்கு எடுத்தாலும் மோட்டார் சைக்கிள் வாங்கினாலும் தாத்தா தடுக்க முடியாது. இதை அம்மாயியிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

சாதாரணச் சேமிப்புக் கணக்கென்றால் யார் கொடுத்த பணம் என்பது அங்கே முக்கியம்: பெற்றோர் கொடுத்த பணத்தின் வட்டி வருடம் 100 பவுணைத் தாண்டினால் அது பெற்றோரின் வருமானமாகக் கணக்கிடப்படும், தாத்தா பாட்டி கொடுத்ததற்கு அந்த விதி இல்லை. ஜூனியர் ஐசாவில் அந்த விதியே இல்லாததால், மகள் பெயரில் போனாலும் வரியில் நட்டம் ஏதுமில்லை. பெயர் விடயத்திற்கு வங்கியில் மருந்தில்லை; மகள் மாதாந்தக் கட்டளை போடும்போது குறிப்பில் இடமிருந்தால் ‘தாத்தா அம்மாயி’ என்று எழுதச் சொல்லுங்கள்.

பவுணாகவே கையில் வைத்திருக்க விரும்பினால், மகள் அனுப்பும் மிகுதியை இங்கேயே தனிநபர் வெளிநாட்டு நாணயக் கணக்கொன்றில் வரவு வைக்கலாம். அது உங்கள் பெயரில் இருக்கும். அவசரத்திற்கு எடுக்கவும் முடியும்.

கேள்வி கேட்டவர்

இந்த மாதத்திலிருந்து மகள் 75 பவுண்தான் அனுப்புகிறாள். குறிப்புக்கு இடம் போதாததால் ‘அம்மாயி’ மட்டும் போயிருக்கிறது. சுயபிரகடனப் படிவத்தை வெள்ளிக்கிழமை வங்கியில் கொடுத்துவிட்டேன். தம்பி மகன் வீட்டார் ரூபாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.