ஜெர்மனிக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: ஹிட்லர், யூதர், தாத்தாக்கள் பற்றிய பேச்சு

அலுவலகத்தில் சாப்பிடும்போது ஹிட்லர் பேச்சை எடுக்காதீர்கள். "கெட்டவன்தான், ஆனால் நாட்டைக் கட்டுப்பாடாக வைத்திருந்தான்" என்று ஊரில் சர்வசாதாரணமாகச் சொல்வோம். 1942இல் நேதாஜி அவனைச் சந்தித்த கதையையும் சேர்த்துக்கொள்வோம். இங்கே யாரும் உங்களைத் திட்ட மாட்டார்கள், மறுநாளிலிருந்து ஒதுங்கிவிடுவார்கள். சுமார் 60 லட்சம் யூதர்களைக் கொன்ற ஆட்சி அது. அந்தப் படுகொலை நடக்கவே இல்லை என்று பொதுவெளியில் சொன்னால் தண்டனைச் சட்டம் 130ஆம் பிரிவின்படி சிறைக்கும் போகலாம்.

உங்களோடு வேலை செய்பவர்கள் போருக்கு வெகுகாலம் கழித்துப் பிறந்தவர்கள். ஆனாலும் "தாத்தா என்ன செய்தார்?" என்ற கேள்வி பல வீடுகளில் இன்னும் தீரவில்லை. என் தோழி ஒருத்தியின் தாத்தா கிழக்குப் போர்முனையில் இருந்தவர். அவளுடைய அப்பாவுக்குக் கடைசிவரை கேட்கத் துணிவு வரவில்லை. இவள்தான் ஆவணக் காப்பகத்துக்கு எழுதி, அவர் எந்தப் படைப்பிரிவில் இருந்தார் என்று தெரிந்துகொண்டாள். இப்படி யாராவது மனம் திறந்தால் "நீ என்ன பண்ணுவாய், விடு" என்று சமாதானம் சொல்லாதீர்கள். காதுகொடுத்துக் கேளுங்கள், போதும். அப்போது பிறக்காதவர்கள் தாங்கள் செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்ள முடியாது, ஆனால் அந்தக் கடந்தகாலத்தை எல்லோரும் ஏற்க வேண்டும் என்று 1985 மே 8 அன்று குடியரசுத் தலைவர் வைட்ஸெக்கர் பேசினார். என் தோழியும் அப்படித்தான் நினைக்கிறாள்.

யூத நண்பர்களுக்கு இதில் வேறொரு சங்கடம். யூதர் என்று தெரிந்ததும் எதிரில் இருப்பவர் குரல் மாறிவிடும். தாத்தா கதையைச் சொல்லிவிட்டு, மன்னிப்புக் கிடைக்குமா என்று முகத்தைப் பார்ப்பார். அது பெரிய அலுப்பு. இன்று இங்குள்ள யூதர்களில் பெரும்பாலோர் 1990களில் முன்னாள் சோவியத் நாடுகளிலிருந்து வந்த குடும்பத்தினர். பலருடைய தாத்தாக்கள் செஞ்சேனையில் ஹிட்லரை எதிர்த்துப் போரிட்டவர்கள். அதனால் முதல் சந்திப்பிலேயே வதைமுகாம் கதை கேட்காதீர்கள், இஸ்ரேலுக்கும் அவரிடம் கணக்குக் கேட்காதீர்கள். யூதத் தொழுகைக்கூட வாசலில் போலீஸ் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். 2019இல் ஹாலே நகரில் யூதர்களின் புனித நாளான யோம் கிப்பூர் அன்று துப்பாக்கியோடு வந்தவனால் கதவை உடைக்க முடியவில்லை, வெளியே இரண்டு பேரைக் கொன்றான்.

நடைபாதையில் பத்து சென்டிமீட்டர் பித்தளைத் தகடுகள் தென்படும். 'இங்கே வாழ்ந்தார்', பெயர், பிறந்த ஆண்டு, பிடித்துச் சென்ற தேதி, கொல்லப்பட்ட இடம் என்று பொறித்திருக்கும். குன்டர் டெம்னிக் என்ற கலைஞர் தொடங்கிய வேலை, இன்று ஐரோப்பா முழுவதும் ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. 1938இல் யூதர்களின் வீடுகளும் தொழுகைக்கூடங்களும் தாக்கப்பட்ட இரவின் நினைவுநாளான நவம்பர் 9 வந்தால் அக்கம்பக்கத்து ஜெர்மானியர்கள் மண்டியிட்டுத் துடைப்பார்கள். ஆனால் மியூனிக்கில் பொது நடைபாதைகளில் இதற்கு அனுமதி இல்லை. கொல்லப்பட்டவர்களின் பெயரை மறுபடி காலால் மிதிப்பதா என்று எதிர்த்தவர் அங்குள்ள யூத சமூகத்தின் தலைவி சார்லோட்டே க்னோப்லோக். சிறுமியாக ஒரு பண்ணையில் ஒளிந்து உயிர் தப்பியவர். தகடு வேண்டும் என்று போராடியவர்களிலும் யூதக் குடும்பத்தினர் இருந்தார்கள். எனக்கு அந்தத் தகடுகள் பிடிக்கும், ஆனாலும் க்னோப்லோக் சொல்வதைத் தள்ள முடியவில்லை.

அப்புறம், குடியுரிமைக்கு விண்ணப்பிப்பவர்கள் கவனிக்க: 2024 ஜூனிலிருந்து, நாஜி ஆட்சி தொடர்பாக ஜெர்மனிக்குள்ள தனிப் பொறுப்பையும் யூத வாழ்வைக் காக்கும் கடமையையும் ஏற்பதாக நீங்களும் உறுதி தர வேண்டும்.

கடைசியாக, சுவஸ்திக். நமக்கு மங்கலச் சின்னம், இங்கே அது ஹிட்லர் கட்சியின் சின்னம். பூஜை அறைக்குள் தாராளமாக இருக்கட்டும். வாசல் கதவிலும் புதுக் காரிலும் வேண்டாம். எதிர்வீட்டுக்காரர் யாரை இழந்தவர் என்று உங்களுக்குத் தெரியாது. காருக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, எலுமிச்சம்பழத்தை நசுக்கி எடுங்கள்.