பொங்கல் லீவுல ஊர்க் கூத்து வைக்கிறவங்களுக்கு: வேலூர், ஆரணிப் பக்க அனுபவங்கள்

ஆரணி வாசகர்:
பங்குனியில தொடங்கி ஆடி வரைக்கும் பாரதக் கூத்துக்காக ஜமாக்கள் (கூத்துக் குழுக்கள்) ஊர் ஊராப் போய்க்கிட்டே இருக்கும். தையில அந்த ஓட்டம் இல்லை. அதனால பொங்கலுக்குக் கூத்து வைத்தால் அவர்களுக்கும் ஒரு வருமானம், நமக்கும் செய்யாறு, வந்தவாசி, ஆரணிப் பக்கம் தேதி கிடைப்பது சுலபம். மார்கழி பிறந்ததும் ஜமாவை நடத்துகிற வாத்தியாரை நேரில் பார்த்து வெற்றிலை பாக்கோடு அச்சாரம் கொடுத்துவிடுங்கள். போனில் பேசியதை நம்பிப் பந்தல் போடாதீர்கள்.

முழு ஜமா என்றால் வேஷக்காரர், மிருதங்கம், டோலக், ஆர்மோனியம், முகவீணை (சின்ன நாயனம் மாதிரிக் குழல்), தாளம் எல்லாம் சேர்த்து 12 முதல் 15 பேர். சில குடியிருப்புகளில் "ரெண்டு ராஜா வேஷம் மட்டும் அனுப்புங்க, வாசல்ல நின்னா போட்டோ எடுத்துக்கறோம்" என்கிறார்கள். இதற்குப் பேர் ஆதரவா? மேளக்காரருக்குக் கூலி போச்சு, தோளில் புஜக்கட்டை கட்டினவர் ஆடாமல் பொம்மை மாதிரி நிற்கிறார். கையில் பணம் குறைச்சல் என்றால் ஆளைக் குறைக்காதீர்கள், நேரத்தைக் குறையுங்கள்.

நேரத்துக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 2000-ஆம் வருஷ ஒலி மாசு விதிப்படி இரவு 10 முதல் காலை 6 வரை வெட்டவெளியில் ஒலிபெருக்கி கூடாது. அரசு தரும் விலக்கும் வருஷத்துக்கு 15 நாளுக்கு மேல் போகாது, அதுவும் நள்ளிரவு வரைதான். காவல் நிலையத்தில் மனுவை முன்கூட்டியே கொடுங்கள்; காளை விடும் விழா பந்தோபஸ்து தொடங்கிவிட்டால் உங்கள் மனுவை எடுத்துப் பார்க்க ஆள் இருக்காது. மாலை 6.30-க்கு மேளக்கட்டு (தொடக்க மேளம்) என்றால் 10-க்குள் ஒரு கதையின் முக்கியப் பகுதி முடியும். வேஷக்காரர்கள் 3.30-க்கே அரிதாரம் பூச உட்காரணும்.

பாலாற்றங்கரை:
சிமெண்ட் தரையில் ஆடினால் முட்டி போய்விடும். மேசை சேர்த்துப் பலகை போட்ட மேடை அதைவிட மோசம். கிறிக்கி (வேகமான சுழல் ஆட்டம்) சுற்றும்போது இடுக்கில் கால் சிக்கும். 15-க்கு 15 அடி மண் தரை போதும். கல், கண்ணாடிச் சில்லு பொறுக்கிவிட்டு 4 மணிக்குத் தண்ணீர் தெளியுங்கள். ஆட்டம் தொடங்கும்போது மேல் ஈரம் காய்ந்து தூசி மட்டும் அடங்கியிருக்கும். அரை மணி முன்னால் தெளித்தால் வழுக்கும்.

ராஜா உட்காரவும் ஏறி நிற்கவும் பலமான மர பெஞ்சு வேண்டும். இடுப்பில் வைக்கோலும் புடவையும் சுற்றின வேஷம் பிளாஸ்டிக் நாற்காலியில் அடங்காது. மைக்கைத் தரையில் நிறுத்தாமல் குறுக்குக் கயிறு கட்டி, கிரீடத்துக்கு 1 அடி மேலே தொங்கவிடுங்கள். முகவீணைக்குத் தனி மைக் கொடுத்தால் பாட்டு காதில் விழாது.

வெளிச்சம் வெள்ளையாக இருக்கட்டும். கல்யாண மண்டபத்து நீல லைட்டைக் கொண்டுவந்து போட்டால் சிவப்பு அரிதாரம் கரி பூசினது மாதிரித் தெரியும்.

காட்பாடி தாளம்:
பாலாற்றங்கரை அண்ணன் சொன்னதோடு பனியையும் சேர்த்துக்கோங்க. தோல் ஈரம் வாங்கினால் தளர்ந்து மிருதங்கத்தின் சுருதி இறங்கும். ஆர்மோனியம் இறங்காது. பாடுகிறவர் ரெண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்வார். ஆடுகளத்துக்குப் பந்தல் இல்லாவிட்டாலும் மேளத்துக்கு மேலே ஒரு தார்ப்பாய் கட்டாயம். நடுவில் விளிம்பைத் தட்டிச் சுருதி ஏற்றினால் முணுமுணுக்காதீங்க, அந்த இடைவெளியைக் கட்டியக்காரன் (கூத்தின் கோமாளி) பேசியே நிரப்பிடுவான்.

போகியன்னைக்கு வேண்டவே வேண்டாம், புகையில் தொண்டை கட்டிக்கும். பொங்கலன்று அவங்க வீட்டிலும் பானை ஏறணும். காணும் பொங்கல்தான் தோது.

சத்துவாச்சாரி:
கர்ண மோட்சம் கேட்கலாமா? அப்பாவுக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

ஆரணி வாசகர்:
வேண்டாம் தம்பி. நம்ம பக்கம் அது கருமாதிக்கு வைக்கிற கூத்து. பொங்கலும் அதுவுமா வைத்தால் பெரியவங்க எழுந்து போயிடுவாங்க. சுபத்திரை கல்யாணம் கேளுங்க. பகடை துகில் (சூதாட்டமும் திரௌபதி துகிலுரிதலும்) வேண்டாம், மூணரை மணி நேரத்தில் பகடை ஆட்டமே முடியாது.

டிபன் லேசா, வேஷம் கட்டுறதுக்கு முன்னாடியே கொடுத்துடுங்க. இடுப்பை இறுக்கின பிறகு உள்ளே இறங்காது. ஆட்டத்தில் ஜனங்க குத்துற நோட்டு ஜமாவுக்குச் சேரணும், பேசின கூலியில் கழிக்கிறது தப்பு. நோட்டு கொடுத்தவங்க பேர் சொல்லி அறிவிக்கிறதை மட்டும் ஒரே இடைவெளியில் வெச்சுக்கச் சொல்லுங்க, இல்லைன்னா கதை அறுந்துபோகும்.

திரும்பிப் போக வேன் உங்க பொறுப்பு. வேஷப் பெட்டியை வேனுக்கு மேலே கட்டாதீங்க. கிரீடம், புஜக்கட்டை மாதிரிக் கட்டைச் சாமானில் ஒட்டின காகிதமும் கண்ணாடியும் பனியில் ஊறிப் பெயர்ந்துடும். பின் சீட்டை அதுக்கு ஒதுக்கிடுங்க.