மறு: மைண்ட்ஃபுல் மூவ்மென்ட் – ‘ஓர்மையசைவு’ என்று சொல்லலாமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

‘மைண்ட்ஃபுல் மூவ்மென்ட்’, அதாவது உடலை மெல்ல அசைத்தபடி அந்த அசைவையே கவனிக்கும் பயிற்சி, இதற்குத் தமிழில் என்ன சொல்வது என்று இந்த இழையில் பேசிவருகிறோம். அதில் வந்த சொற்களை ஒரு வாரமாகச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். நான் பாளையங்கோட்டையில் உளவள ஆலோசகராக இருக்கிறேன். எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் நாளைக் காலையிலேயே சொல்லியாக வேண்டிய சொல் இது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

செய்வது சின்ன விஷயம். கையை மெல்லத் தூக்குவது, தோளைச் சுழற்றுவது, பாதம் தரையில் படுவதைக் கவனித்தபடி நாலடி நடப்பது. கை எவ்வளவு உயரம் போகிறது என்பது கணக்கில்லை. போகும்போது உள்ளே என்ன தெரிகிறது என்று பார்க்க வேண்டும். 1979இல் ஜான் கபாட்-ஸின் என்பவர் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் மன அழுத்தத்தைக் குறைக்கத் தொடங்கிய 8 வாரப் பயிற்சியில் மென்மையான ஹட யோக அசைவுகள் ஒரு பகுதி. பிறகு ஸீகல், வில்லியம்ஸ், டீஸ்டேல் என்ற உளவியலாளர்கள் மூவரும் மனச்சோர்வு திரும்பத் திரும்ப வருகிறவர்களுக்காக அதை உளசிகிச்சையோடு சேர்த்தபோதும் அசைவை விட்டுவிடவில்லை. பதற்றம் மிகுந்த சிலரைக் கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கச் சொன்னால் பதற்றம் கூடிவிடும். அவர்களுக்குக் கண் திறந்திருக்க, அசைகிற கை நல்ல பிடிமானம்.

சரி, சொல்லுக்கு வருவோம். ‘விழிப்புணர்வு இயக்கம்’ வேண்டாம். அதை ஒருமுறை நோட்டீஸில் போட்டுப் பார்த்துவிட்டோம். வந்த இரண்டு பேர் டெங்குவுக்கா, வாக்காளர் பட்டியலுக்கா என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, ‘விழிப்புணர்வு’ இன்று பேரணிச் சொல்லாகிவிட்டது. ‘இயக்கம்’ என்றால் கொடிதான் ஞாபகம் வரும். ‘தியான அசைவு’ கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எங்கள் ஊரில் பாதிப் பேருக்குத் தியானம் என்றால் லெந்து காலத் தியானம், ஈஸ்டருக்கு முந்தின கிறிஸ்தவ நோன்பு நாட்களில் நடப்பது. ‘உடற்பயிற்சி’ என்றதுமே எத்தனை தடவை, எத்தனை நிமிஷம் என்று எண்ணத் தொடங்கிவிடுகிறார்கள்.

எனக்கு இந்தச் சொல்லைக் கொடுத்தவர் பீடி சுற்றுகிற ஒரு அக்கா. வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவர். அவர் அனுமதியோடு எழுதுகிறேன். மடியில் சுளகு (முறம்), அதில் இலையும் தூளும், குனிந்த தலை. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வருகிற வேலையில் விரல் தானாக ஓடும், நெஞ்சுக்குள்ளே கவலை வேறு பக்கம் ஓடும். ஒருநாள் அவரை வலது கையை மட்டும் பைய மேலே கொண்டுபோய்ப் பையவே இறக்கச் சொன்னேன். மூன்றாவது தடவை கை பாதி வழியில் நின்றது. இடது கையால் தன் தோளைத் தொட்டுப் பார்த்தார். “ஏ யம்மா, இத்தன நாளும் தோளு இப்பிடித் தூக்கிக்கிட்டுக் கெடந்தது எனக்கு ஓர்மையே இல்லையே” என்றார். சொல்லி முடிக்கும்போதே தோள் ஒரு விரற்கடை இறங்கியிருந்தது.

அன்று ராத்திரி முழுக்க அந்தச் சொல்தான் மனசில். தென்கோடி நெல்லையிலும் குமரியிலும் ஓர்மை என்றால் ஞாபகம். மலையாளத்திலும் அப்படியே. வேர் ‘ஓர்’: கூர்ந்து கவனித்தல், ஆராய்ந்து உணர்தல். ‘ஓர்ந்துகண் ணோடாது’ என்கிற குறளில் (541) இருப்பது அதுதான். மைண்ட்ஃபுல்னெஸ் என்று ஆங்கிலத்தில் பெயர்த்தது பாலி மொழியின் ‘சதி’ என்ற சொல்லைத்தான். அதற்கும் வடமொழியின் ‘ஸ்மிருதி’க்கும் நினைவு என்பதே அடிப்படைப் பொருள். பௌத்த மரபில் அது இந்தக் கணத்தில் கவனத்தோடு இருப்பதையும் குறித்தது. நினைவும் கவனமும் ஒரே சொல்லில் கூடுகிற அந்த இடத்தில் நம்மிடமும் ஒரு சொல் இருக்கிறது என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம்.

ஆகவே ஓர்மையசைவு. வினையாக ஓர்ந்தசைதல். நடைக்கு ஓர்மைநடை. இவற்றில் எதையும் அந்த அக்காவிடம் விளக்கவுரை இல்லாமல் சொல்ல முடிகிறது.

மறுப்புகள் வரும் என்று தெரியும். ஓர்மைக்கு ‘ஒருமை’ என்ற பொருளையும் அகராதி தருகிறது. ஈழத்து நண்பர்கள் காதில் ‘ஓர்மம்’, அதாவது மனவுறுதி, விழும். முதலாவது எனக்குத் தொந்தரவாகப் படவில்லை, சிதறாத மனம் இதற்கு அந்நியமில்லை. இரண்டாவது நிஜமான சிக்கல். யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ இந்தத் துறையில் வேலை செய்கிறவர்கள் சொல்லட்டும், அவர்களிடம் இது எடுபடாவிட்டால் வேறு தேடுவோம்.

மென்மையைக் குறிக்க ‘மென்’ என்று முன்னொட்டு வேண்டும் என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். சொல்லுக்குள் அதைத் திணிக்க வேண்டாம் என்பது என் எண்ணம். அது ஆலோசகரின் குரலில் வர வேண்டியது, அதற்கு எங்களிடம் ‘பைய’ இருக்கிறது. ‘பசையினள் பைய நகும்’ (1098) என்று குறளில் வந்த சொல் இன்றைக்கும் தாமிரபரணிப் படித்துறையில் “பைய எறங்கு, பாசி வழுக்கும்” என்று கேட்கிறது. அவசரம் இல்லாமல், பார்த்து, உன் போக்கில் என்பதெல்லாம் அந்த ஒரு சொல்லில் வந்துவிடும்.

எங்கள் கையேடு அடுத்த மாதம் அச்சுக்குப் போகிறது. ஓர்மையசைவு என்று சேர்த்தே எழுதுவதா, ஓர்மை அசைவு என்று பிரிப்பதா? படிக்கத் திணறுகிறவர்களுக்குப் பிரித்தால் எளிது என்று தோன்றுகிறது. இலக்கணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.