இரண்டாவது அம்பு: கிணற்றுத் தகராறும் வீரிருப்புப் பயணமும்

எனக்குச் சங்கரன்கோவில் பக்கம். பிச்சிப்பூ போட்டிருக்கிறோம். பெரியப்பா மகனுக்கும் எனக்கும் பொதுவில் ஒரு கிணறு, ஒருநாள் விட்டு ஒருநாள் முறை. சில வருஷத்துக்கு முன்னால் ஒரு சித்திரையில், என் முறையன்று அண்ணன் மோட்டாரைப் போட்டுக் கிடந்த தண்ணீரையெல்லாம் இறைத்துவிட்டார். வாய்த் தகராறு முற்றி, அன்றோடு பேச்சு நின்றது.

போன வருஷம் ஒரு சிநேகிதர் எங்கள் பக்கத்திலேயே இருக்கும் வீரிருப்புக்குக் கூட்டிப்போனார். 2020இல் திறந்த உலக அமைதிக் கோபுரம் அங்கே இருக்கிறது. ஜப்பானியத் துறவி நிச்சிதாத்சு புஜீ தொடங்கிய நிப்போன்சான் மியோஹோஜி என்ற பௌத்த சங்கத்தார் எழுப்பியது. கலயத்தைக் கவிழ்த்து வைத்த மாதிரி வெள்ளை வெளேரென்று ஸ்தூபி. விசிறி போலக் கைப்பிடி வைத்த சிறு முரசைத் தட்டிக்கொண்டே ‘நா மு மியோ ஹோ ரெங்கே கியோ’ என்று ஓதுவது அவர்கள் வழக்கம். தாமரைச் சூத்திரம் என்ற பௌத்த நூலுக்கு வணக்கம் என்று பொருளாம். அந்தத் தாளம் அன்று முழுக்கக் காதிலேயே நின்றது.

ஆனால் என்னை மாற்றியது திரும்பும் வழியில் டீக்கடையில் சிநேகிதர் சொன்ன ஒன்று. சம்யுத்த நிகாயம் என்ற பாலி நூலில் புத்தர் இரண்டு அம்புகளைச் சொல்கிறார். உடம்புக்கு வரும் வலி முதல் அம்பு. அதை நினைத்துப் புலம்பி, ஆத்திரப்பட்டு மனசில் வாங்குவது இரண்டாவது. விவரம் அறிந்தவனுக்கும் முதல் அம்பு படத்தான் செய்யும், இரண்டாவது படாது. “அண்ணாச்சி, தண்ணி போனது ஒரு அம்பு. அடுத்ததை இத்தனை வருஷமா நீங்களே எடுத்துக் குத்திக்கிட்டு இருக்கீய” என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

மறுநாளிலிருந்து, விடியுமுன் பூப்பறிக்கக் கிளம்பும்போது பத்து நிமிஷம் திண்ணையில் உட்கார ஆரம்பித்தேன். மூக்கு நுனியில் மூச்சு படுவதைப் பார்ப்பது, ஆனாபானசதி. அப்புறம் மைத்ரி, எல்லோரும் நலமாக இருக்கட்டும் என்று நினைக்கும் தியானம். ‘நான் நலமாக இருக்கட்டும்’ என்று தன்னில் தொடங்கி, பிரியமானவர், பழக்கமில்லாதவர், கடைசியாகப் பகையானவர் என்று வரிசை. அண்ணன் முகம் வந்தாலே தாடை இறுகிவிடும். பகையானவரிடம் கோபம் கிளம்பினால் பிரியமானவருக்கே திரும்பிப் போய் மறுபடி வரச் சொல்கிறது புத்தகோசர் எழுதிய விசுத்திமக்கம் என்ற பழைய பாலி நூல். நான் என் அம்மாச்சியிடம் எத்தனை தடவை திரும்பிப் போனேன் என்று கணக்கில்லை.

இந்த மாசியில் அண்ணன் வீட்டு மோட்டார் காயில் எரிந்துவிட்டது. செடி வாடிக்கொண்டிருந்தது. என் மோட்டாரில் என் முறையை அவர் வயலுக்குத் திருப்பிவிட்டேன். வாய்க்காலில் தண்ணீர் நுரைத்துக்கொண்டு போவதைப் பார்த்து நின்றபோது தாடை இறுகவில்லை, அதைக் கவனித்தேன். அண்ணன் இன்னும் பேசவில்லை. மதினி மட்டும் மறுநாள் மடைப் பக்கம் வந்து, “கொழுந்தனாரே, காப்பி குடிச்சாச்சா?” என்று கேட்டார்.

*

சங்கரன்கோவில்காரர் எழுதியதைப் படித்துவிட்டு அம்பாசமுத்திரத்திலிருந்து எழுதுகிறேன். பௌத்தமெல்லாம் நம் பக்கத்துக்குப் புதுசு இல்லை. அவலோகிதர் என்ற போதிசத்துவரிடம் அகத்தியர் தமிழ் கேட்டார் என்று புத்தமித்திரரின் வீரசோழியம் சொல்கிறது. அது 11ஆம் நூற்றாண்டு இலக்கணம். அகத்தியர் என்றால் நமக்குப் பொதிகைதானே. பாபநாசம் படித்துறையில் கண்ணை மூடி உட்காரும்போது எனக்கு அந்த வரிதான் ஞாபகம் வரும்.

*

நான் பாளையங்கோட்டை, ஜவுளிக்கடையில் வேலை. எனக்குப் பிடித்தது பஞ்சசீலம், பௌத்தர்களின் ஐந்து ஒழுக்கம். கொல்லாமை, திருடாமை, தவறான காமம் இல்லாமை, பொய் சொல்லாமை, போதை இல்லாமை. பாலியில் ஒவ்வொன்றும் ‘வேரமணி சிக்காபதம் சமாதியாமி’ என்று முடியும். விலகியிருக்கும் பயிற்சியை ஏற்கிறேன் என்று அர்த்தம். கட்டளை இல்லை, பயிற்சி. தவறினால் மறுநாள் திரும்ப ஏற்கலாம் என்பதே எனக்குப் பெரிய ஆறுதல்.

நாலாவதுதான் கடையில் கஷ்டம். ஒரு ஆச்சி, “சாயம் போகுமாம்மா?” என்று கேட்டார். “போகாது” என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஒரு மூச்சு விட்டுவிட்டு, “முதல் தண்ணிக்குப் போகும் ஆச்சி, தனியா நனைங்க” என்றேன். சேலையை மடித்து வைத்துவிட்டுப் போய்விட்டார். மேற்பார்வையாளர் எல்லார் முன்னாலும் சத்தம் போட்டார்.

சங்கரன்கோவில் அண்ணனுக்கு ஒரு கேள்வி. எனக்கு மைத்ரி வரிசையில் அந்த மேற்பார்வையாளர் முகம் இன்னும் தாண்டவில்லை. உங்களுக்கு எத்தனை மாசம் ஆச்சு?