விபிஎன் விழுந்த இரவு: லினக்ஸில் டொரன்ட் ஓட்டியவர்களின் அனுபவங்கள்

(ஒவ்வொரு பதிவுக்கும் மேலே இருப்பது எழுதியவரின் ஊர்.)

கண்டாவளை

இரண்டு கிழமையாக மனதில் கிடந்து அரிக்கிறது, எழுதிவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் லைன் இல்லை. பக்கத்து வளவில் இருக்கிற சேர், ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார், தன் ரவுட்டரின் பாஸ்வேர்டைத் தந்தார். "தம்பி, லைன் என்ர பேரில. ஒரு பிரச்சினையும் வராதுதானே?" என்று மட்டும் கேட்டார். "ஒண்டுக்கும் யோசியாதேங்கோ சேர், விபிஎன் போட்டுத்தான் இறக்குவன்" என்று சொன்னேன். விபிஎன் போட்டால் வெளியே சேரின் லைன் எண் (ஐபி) தெரியாது, விபிஎன் சேர்வரின் எண்தான் தெரியும். இறக்கியது கிவிக்ஸ் கோப்புகள். சனசமூக நிலையத்துக் கொம்பியூட்டரில் இன்டர்நெட் இல்லாமலே பிள்ளைகள் விக்கிப்பீடியா படிக்கலாம் என்று நினைத்தேன். உபுண்டு லினக்ஸ், டொரன்டுக்கு (ஆளுக்காள் கோப்பைத் துண்டு துண்டாகப் பகிர்கிற முறை) கியூபிட்டொரன்ட், விபிஎன்னுக்கு ஓப்பன்விபிஎன், எல்லாம் வழமையானதுதான். இரவு 12 மணிக்குப் பிறகுதான் டேட்டா மலிவு என்பதால் ஓடவிட்டுப் படுத்துவிடுவேன்.

அன்றைக்கு நல்ல மழை. நடுச்சாமத்தில் கரண்ட் போய் வந்திருக்கிறது. லப்டொப் பட்டரியில் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது, சேரின் ரவுட்டர் அணைந்து எழும்பியிருக்கிறது. அதற்குள் ஓப்பன்விபிஎன் செத்து, அது போட்டிருந்த டன்0 என்ற வழி (இன்டர்ஃபேஸ்) காணாமல் போய்விட்டது. லினக்ஸ் என்ன செய்யும்? மிச்சம் இருந்த வழியை, சேரின் லைனை நேரே, பிடித்துக்கொண்டது. டொரன்டுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. விடிய எழும்பிப் பார்த்தேன், வடிவாக ஓடிக்கொண்டிருந்தது, வழமையைவிடக் கெதியாகவும் ஓடியது. அந்த வேகத்தைப் பார்த்துத்தான் எனக்கு நெஞ்சு திக்கென்றது.

என் டொரன்ட் எந்த ஐபியில் வெளியே தெரிகிறது என்று சோதிக்கிற மேக்னட் (டொரன்ட் லிங்க்) ஒன்றை எப்போதும் பட்டியலில் விட்டுவைப்பேன். அதன் பக்கத்தைத் திறந்தேன். இரண்டு வரி இருந்தது. மேலே விபிஎன்னின் எண், கீழே சேரின் லைன் எண். அந்தக் கீழ் வரியை நான் எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியாது. வெளியே சேர் முற்றம் கூட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

---

ஒட்டுசுட்டான்

தம்பி, விக்கிப்பீடியா இறக்குவதற்கு ஏன் விபிஎன்? அதில் களவு ஒன்றும் இல்லையே. விபிஎன் போட்டால் வேகமும் குறையும். நான் 2022 ஏப்ரல் 3, பேஸ்புக், வாட்ஸ்அப் எல்லாவற்றையும் தடுத்த அந்த ஞாயிற்றுக்கிழமைதான் முதன்முதலாக விபிஎன் போட்டேன். போனில் ஏதோ ஒரு இலவச ஆப். அன்று பின்னேரம் தடையை எடுத்தவுடன் அழித்தும் விட்டேன். தேவை என்றால் போடுங்கள், சும்மா ஏன் மினக்கெடுகிறீர்கள்?

---

கண்டாவளை

அண்ணை, களவு இல்லைதான். ஆனால் டொரன்டில் சேர்ந்திருக்கிற எல்லாருக்கும் மற்ற எல்லாருடைய ஐபியும் தெரியும், அது அப்படித்தான் வேலை செய்கிறது. அந்த ஐபி என்னுடையது இல்லையே. சேரின் பெயரில் இருக்கிறது. அதோடு இந்த லைனில் டொரன்ட் என்று தெரிந்தால் வேகத்தை இறுக்கிப் பிடிக்கிறார்கள், விபிஎன்னுக்குள் போனால் விடுகிறார்கள். அந்த இரவு மட்டும் ஏன் இறுக்கவில்லை என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

---

வவுனியா, குருமன்காடு

எனக்கு நடந்தது கரண்ட் போகாமலே.

வயர்கார்ட் (ஓப்பன்விபிஎன் மாதிரி இன்னொரு விபிஎன்), நெதர்லாந்து சேர்வர், டன்னல், அதாவது விபிஎன் பாதை, ஒருதரம்கூட விழவில்லை. லண்டனில் இருக்கிற பெரியம்மாவின் மகனும் நானும் ஒரே லினக்ஸ் ஐஎஸ்ஓவை, கிட்டத்தட்ட 6 ஜிபி, சீட் செய்துகொண்டிருந்தோம் (மற்றவர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தோம்). அவன் போனில் கதைத்தபடியே தன் பியர் பட்டியலை, அதே டொரன்டில் சேர்ந்திருக்கிறவர்களின் பட்டியலை, பார்த்துக்கொண்டிருந்தான். கியூபிட்டொரன்டில் ஒவ்வொரு ஐபிக்கும் பக்கத்தில் நாட்டுக் கொடி வரும், தெரியும்தானே. "டேய், நீ நெதர்லாந்து எண்டனி, இஞ்ச சிங்கக்கொடி ஒண்டு நிக்குது" என்றான்.

நான் நம்பவில்லை. வேறு யாராவது கொழும்பில் இருந்து வந்திருப்பார்கள் என்றேன். "அப்ப நிப்பாட்டிப் பார்" என்றான். நிப்பாட்டினேன். சிங்கம் போய்விட்டது. திருப்பிப் போட்டேன், வந்துவிட்டது.

ஐபிவி6. அது ஐபி எண்ணின் புதிய வகை. என் கொன்ஃபிக்கில் (விபிஎன் அமைப்புக் கோப்பில்), எவை டன்னலுக்குள் போக வேண்டும் என்று சொல்கிற அலவ்ட் ஐபிஸ் என்ற வரியில் பழைய வகைக்கான 0.0.0.0/0 மட்டும் இருந்தது. புதிய வகைக்கான ::/0 இல்லை. என் சிம் இரண்டு வகை ஐபியும் தருகிறது. பழையது டன்னலுக்குள் போக, புதியது நேரே வெளியே போயிருக்கிறது. மூன்று மாதம். மூன்று மாதமாக "நான் விபிஎன்னில்" என்று எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

---

மாங்குளம்

என் கதை சின்னது: கண்டாவளைத் தம்பிக்கு நடந்ததேதான், 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டிய காலத்தில், நாளுக்கு நாலு தரம். ஆனால் இதில் எல்லாரும் விபிஎன்னைத்தான் குற்றம் சொல்கிறீர்கள். அது பிழை. விபிஎன் விழத்தான் செய்யும். விழுந்தால் டொரன்ட் எங்கே போகும் என்பதை நீங்கள் முதலே முடிவு செய்திருக்க வேண்டும்.

கியூபிட்டொரன்ட் என்றால் டூல்ஸ், ஒப்ஷன்ஸ், அட்வான்ஸ்ட் போய் நெட்வேர்க் இன்டர்ஃபேஸ் என்ற இடத்தில் "எனி இன்டர்ஃபேஸ்" என்று இருப்பதை டன்0 ஆக்கி, டொரன்டை அதில் கட்டிவிடுங்கள். வயர்கார்ட் என்றால் உங்கள் கொன்ஃபிக்கின் பெயர், பெரும்பாலும் டபிள்யூஜி0. அந்த இன்டர்ஃபேஸ் இல்லாவிட்டால் டொரன்ட் அப்படியே நிற்கும், வேறு வழி தேடாது. பிறகு விபிஎன்னை நீங்களே நிறுத்திப் பாருங்கள். வேகம் சைபருக்கு விழ வேண்டும். விழாவிட்டால் கட்டு சரியில்லை. விபிஎன் திரும்பி வந்தாலும் சிலவேளை கியூபிட்டொரன்ட் தூங்கிக்கொண்டே இருக்கும், மூடித் திறந்தால் சரி.

டிரான்ஸ்மிஷன் என்ற டொரன்ட் செயலி பாவிப்பவர்கள் கவனம். அதில் ஐபி முகவரிக்குக் கட்டத்தான் இடம் இருக்கிறது. விபிஎன் ஒவ்வொரு தரமும் வேறு முகவரி தந்தால் அந்தக் கட்டு உதவாது.

இதற்கு மேலே உபுண்டுவின் ஃபயர்வோல் யூஎஃப்டபிள்யூவும் போடுங்கள். வெளியே போவதை முழுக்க மறித்துவிட்டு, டன்0 வழியாகப் போவதையும், விபிஎன் சேர்வரின் ஐபிக்கு அதன் போர்ட்டில் (வாசல் எண்ணில்) போவதையும் மட்டும் விடுங்கள். ஓப்பன்விபிஎன் வழமையாக யூடிபி 1194, வயர்கார்ட் 51820, உங்கள் கொன்ஃபிக்கில் வேறாக இருக்கலாம். குருமன்காட்டுத் தம்பிக்கு வந்த சிக்கலும் இதில் அடைபடும், யூஎஃப்டபிள்யூ ஐபிவி6-ஐயும் சேர்த்தே மறிக்கும். சேர்வரின் பெயரை அல்ல, எண்ணைக் கொடுங்கள். பெயரைக் கொடுத்தால் அதற்குரிய எண்ணைத் தேடுகிற டிஎன்எஸ் கேள்வியே மறிபட்டு, விபிஎன் எழும்பவே மாட்டாது. நான் ஒரு முழுப் பின்னேரம் இதில் தொலைத்தவன்.

இலவச ஆப் அண்ணைக்கு ஒன்று: யார் நடத்துகிறார்கள் என்றே தெரியாதவர்களிடம் உங்கள் போக்குவரத்து முழுவதையும் கொடுத்திருக்கிறீர்கள். ஒரு நாள்தானே என்று விடக்கூடிய விஷயமில்லை.

---

புதுக்குடியிருப்பு

மாங்குளத்து அண்ணை சொல்வது ஓப்பன்விபிஎன்னுக்கு முழுக்கச் சரி. வயர்கார்ட் இப்படி விழாது. அதற்குத் தொடர்பு அறுவது என்ற ஒன்றே இல்லை. லைன் போனாலும் இன்டர்ஃபேஸ் நிற்கும், பக்கற் வெளியே போகாமல் அதிலேயே கிடந்து சாகும். அது லினக்ஸின் கருவான கேர்னலுக்குள்ளேயே இருக்கிறது, கேர்னல் 5.6 முதல், 2020 இலிருந்து. என் வீட்டில் எத்தனையோ தரம் இன்டர்நெட் டொங்கிளைக் கழற்றிப் பூட்டியிருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை.

---

மாங்குளம்

லைன் போய் வந்தால் விழாது, ஒத்துக்கொள்கிறேன். மெஷினே அணைந்து எழும்பினால்? டொரன்ட் முதலில் எழும்பி, வயர்கார்ட் ஐந்து செக்கன் பிந்தினால்? அந்த ஐந்து செக்கன் போதும்.

---

புதுக்குடியிருப்பு

காலையில் போய் ரீபூட் செய்து பார்த்தேன். அண்ணை சொன்னது சரி. டொரன்ட்தான் முதலில் எழும்புகிறது. இவ்வளவு நாளும் நான் டொங்கிளை மட்டும்தான் சோதித்திருக்கிறேன்.

இப்போது நெட்வேர்க் நேம்ஸ்பேஸ் ஒன்று, டொரன்டுக்கென்று வலையில் தனி அறை மாதிரி, போட்டுவிட்டேன். டபிள்யூஜி0-வை வெளியில் உருவாக்கி உள்ளே தள்ளினால், விபிஎன் சேர்வரோடு பேசுகிற அதன் யூடிபி மட்டும் வெளி லைனிலேயே நிற்கும், உள்ளே இருக்கிற டொரன்டுக்கு டபிள்யூஜி0-வைத் தவிர வேறு வாசலே கிடையாது. தள்ளிய பிறகுதான் முகவரி கொடுக்க வேண்டும், முதலே கொடுத்தால் அழிந்துவிடும். ரீபூட்டில் நேம்ஸ்பேஸும் போய்விடும் என்பதால் அதற்கு ஒரு சேர்விஸ் எழுத வேண்டி வந்தது. நேம்ஸ்பேஸ் இல்லாவிட்டால் டொரன்ட் தொடங்கவே தொடங்காது. எனக்கு அதுதான் வேண்டும்.

---

கண்டாவளை

மாங்குளத்து அண்ணை, டன்0-வில் கட்டிவிட்டேன். விபிஎன்னைக் கையால் நிறுத்தினேன். 640 கேபியில் ஓடியது இரண்டு மூன்று செக்கனில் சைபர்.

நேற்றுப் பின்னேரம் சேரிடம் போய்ச் சொன்னேன். அந்த இரவு உங்கள் நம்பர் வெளியே தெரிந்துவிட்டது, என்ன இறக்கினேன், எவ்வளவு நேரம், எல்லாம். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "இப்ப கரண்ட் நிண்டா என்ன ஆகும்?" என்றார். லப்டொப்பைக் கொண்டுபோயிருந்தேன். அவரே எழும்பிப் போய் ரவுட்டரின் பிளக்கைக் கழற்றினார், திரும்பப் பூட்டினார். இரண்டு பேரும் ஸ்க்ரீனைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ரவுட்டரில் லைட் எல்லாம் திரும்ப வந்த பிறகும் டொரன்ட் சைபரிலேயே நின்றது.

"இன்னொருக்காக் கழட்டட்டோ?" என்று கேட்டார். ஓம் சேர் என்றேன்.