ஓரம் மடித்த டெயில்கேட்டில் நம்பர் பிளேட்டுக்குப் பள்ளம் எடுப்பது எப்படி?

ஜீப்_பிரியன்:
பழைய மஹிந்திரா ஜீப்புக்குப் புதிதாக டெயில்கேட் (பின்பக்கக் கதவு) செய்திருக்கிறேன். 1 மி.மீ. சிஆர் (குளிர் உருட்டு இரும்பு) தகடு, இங்கிலீஷ் வீலில் (தகட்டை உருளைகளுக்கு நடுவில் ஓட்டி வளைக்கும் கருவி) ஓட்டி லேசான வளைவு கொடுத்து நாலு ஓரமும் மடித்தாகிவிட்டது. இப்போதுதான் வண்டிக்காரர், நம்பர் பிளேட் உள்ளே அமர்ந்த மாதிரி நடுவில் 12 மி.மீ. பள்ளம் வேண்டும் என்கிறார். பிளேட் 340க்கு 200, மேலே லைட்டுக்கும் இடம் விட்டு 360க்கு 240 என்று கோடு போட்டிருக்கிறேன். மடித்த ஓரத்தோடு பீட் ரோலரில் (தகட்டில் பள்ளக் கோடு அழுத்தும் உருளை மெஷின்) நுழையாது. சுத்தியலால் அப்படியே இறக்கலாமா, இல்லை வெட்டித்தான் ஆகணுமா?

தகடு_கோவை:
12 மி.மீ. என்றால் வெட்டிவிடுங்கள் தம்பி. சுவர் 45 டிகிரி சாய்வு என்று வைத்துக்கொண்டால், 12 மி.மீ. இருந்த இடத்துக்கு 17 மி.மீ. தகடு வேண்டும். பக்கத்துக்கு 5, இரண்டு பக்கமும் சேர்த்து 10. அது எங்கிருந்து வரும்? ஓரம் மடிக்காத தகடு என்றால் வெளியிலிருந்து கொஞ்சம் இழுத்துக்கொண்டு வரும், மடித்த ஓரம் அவ்வளவு சுலபமாக நகராது. அடிக்க அடிக்கச் சுவர் மெலிந்து மூலையில் கிழியும். கிழியாமல் தப்பினாலும் நீங்கள் கொடுத்த வளைவு கெட்டு, விரல் வைத்து அழுத்தினால் டப்பு டப்பு என்று உள்ளே போய் வெளியே வரும். அதன் மேல் பட்டி போட்டு மறைத்தால் ஜீப் ஆடுகிற ஆட்டத்துக்கு வெடித்துவிடும்.

நான் செய்கிற முறை இது. கோட்டிலேயே வெட்டாமல் 6 மி.மீ. உள்ளே தள்ளி வெட்டுங்கள், மூலைகளை நல்ல ஆரத்தோடு விடுங்கள். பிறகு அந்த 6 மி.மீ.யை டாலி (சுத்தியலுக்கு எதிர்ப்பக்கம் பிடிக்கும் இரும்புக் கட்டை) வைத்து உள்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்துக்கொண்டே போங்கள். மூலையில் தகடு விரியும், அதனால் வெட்டிய விளிம்பில் பிசிர் இல்லாமல் அரம் போட்டு வழவழப்பாக்கிய பிறகே தட்ட வேண்டும், சின்னக் கீறல் இருந்தாலும் அங்கிருந்துதான் கிழியும். பள்ளத்தின் அடித்தட்டைத் தனியாகப் புளியங்கட்டை மேல் மடித்து எடுங்கள், அதன் சுவர் இந்த மடிப்பை முட்டிக்கொண்டு நிற்கணும். இப்படிச் செய்தால் வெல்டிங் சுவரில் விழும், முகப்பில் விழாது. இதுதான் முக்கியம். முகப்பில் பற்றவைத்தால் வளைவு இழுத்துக்கொள்ளும், அதைச் சரிசெய்ய ஒரு நாள் போகும்.

மதுரை_பாடி:
அண்ணன் சொல்வது சரி, ஆனால் 12 மி.மீ. ஆழம் அவசியமா என்று வண்டிக்காரரிடம் கேட்டுவிடுங்கள். பிளேட் 1 மி.மீ. கனம்தான், 4 மி.மீ. இறங்கினாலே உள்ளே உட்கார்ந்த மாதிரித் தெரியும். அதற்குப் பக்கத்துக்கு ஒன்றே முக்கால் மி.மீ.க்குள்தான் தகடு வேண்டும், விளிம்பு ஆரத்தைப் பெரிதாக வைத்தால் தகடு தாங்கும், டிடி கிரேடு (ஆழமாக இழுக்கத் தோதான மெதுவான ரகம்) தகடு என்றால் கவலையே இல்லை. டெயில்கேட்டின் வளைவுக்கே செதுக்கிய இரண்டு கட்டைச் சட்டங்களுக்கு நடுவில் தகட்டைக் கொடுத்து, ஆழமான சி கிளாம்ப் போட்டு இறுக்கி, நைலான் கட்டையால் விளிம்போடு தட்டிக்கொண்டே சுற்றிச் சுற்றி வாருங்கள். ஒரே இடத்தில் முழு ஆழமும் இறக்காதீர்கள். லைட்டை மேலே வெளியில் வைத்துக்கொள்ளலாம்.

ஜீப்_பிரியன்:
லைட்டும் உள்ளேயே வேண்டுமாம், அதனால் வெட்டித்தான் செய்யப்போகிறேன். டெயில்கேட் வளைவு, பிளேட்டோ தட்டை. அடித்தட்டை எப்படிப் பொருத்துவது? வெல்டிங்குக்கு மிக் (கம்பி தானாக வரும் கேஸ் வெல்டிங்) போதுமா?

தகடு_கோவை:
அடித்தட்டு தட்டையாகவே இருக்கட்டும். சுவரை உயரமாக விட்டு மடியுங்கள், பின்பக்கமிருந்து பொருத்திப் பார்த்து மடிப்பு விளிம்பை ஒட்டி ஊசியால் கோடு போட்டு வெட்டுங்கள், நடுவில் அதிகமும் ஓரத்தில் குறைவுமாக வரும். முட்டும் இடத்தில் இடைவெளி தெரியக்கூடாது. மிக் வேண்டாம், அந்தப் பற்று கெட்டியாக இருக்கும், தட்டினால் நீளாது. டிக்கில் (டங்ஸ்டன் முனை வைத்துப் பற்றவைக்கும் முறை) ஓர் அங்குலத்துக்கு ஒரு புள்ளி, எதிரெதிர் மூலையாக மாற்றி மாற்றி வையுங்கள். ஒவ்வொரு புள்ளியும் ஆறியதும் டாலி கொடுத்து மெதுவாகத் தட்டுங்கள், சுருங்கியது திரும்ப நீளும். அப்புறம்தான் இடைவெளிகளை நிரப்புவது.

மதுரை_பாடி:
கீழ் மூலை இரண்டிலும் தண்ணீர் வடிய ஓட்டை விட மறக்காதீர்கள். பிளேட்டுக்குப் பின்னால் வரும் பரப்புக்கும் பிரைமர், பெயிண்ட் முழுசாக அடித்துவிட்டே பிளேட்டைப் பொருத்துங்கள். இப்போதைய ஹெச்எஸ்ஆர்பி (உயர் பாதுகாப்பு நம்பர்) பிளேட்டில் ஸ்னாப் லாக் (ஒருமுறை மட்டும் பூட்டும் ஆணி) போட்டுவிட்டால் உடைத்துத்தான் கழற்ற முடியும்.